விளம்பரம் இல்லாத வாக்குத்தத்தம்

பேக்கரியில் வாங்கிய பாண் நிறை குறைந்திருந்தால் அதைத் திருப்பிக் கொண்டுபோய்க் கடை மேசையில் வைக்கிற ஆள் நான். தேங்காய் அழுகலாக இருந்தாலும் அப்படித்தான், உடைத்த இரண்டு பாதியையும் கடதாசியில் சுற்றிக் கொண்டுபோவேன். சண்டை பிடிப்பதில்லை, குரலை உயர்த்துவதில்லை. எதற்குக் காசு கொடுத்தேனோ அதைக் கொடுங்கள் என்று மட்டும் சொல்வேன். ருவான்வெல்லை பஜாரில் கடை வைத்திருக்கிற பலருக்கு என்னைத் தெரியும். தூரத்தில் என் குடையைக் கண்டதுமே முகம் சுளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் இன்று நான் பொலிசுக்கு முறைப்பாடு கொடுக்க வந்ததில் யாரும் ஆச்சரியப்படத் தேவையில்லை.

என் முறைப்பாடு இதுதான். விளம்பரம் வராது என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்ட ஓர் ஆப்பில் விளம்பரம் வந்தது. அந்த விளம்பரத்தை நம்பி என் அக்கா மெட்டில்டா இன்சுலின் ஊசியை நிறுத்தினாள். போன வாரம் இறந்துவிட்டாள்.

சார்ஜன்ட் ஐயா சிங்களத்தில் கேட்டார். எனக்கும் சிங்களம் நன்றாக வரும், தோட்டக் கந்தோரில் கிளாக்கர் வேலை பார்ப்பவனுக்கு அது இல்லாமல் முடியாது. இருந்தாலும் அக்காவின் விஷயத்தைத் தமிழில் சொன்னால்தான் பிசகாமல் வரும் என்றேன். அதற்காகக் கான்ஸ்டபிள் முக்தாரைக் கூப்பிட்டு என் முன்னால் உட்கார வைத்திருக்கிறார். அவர் எழுதிக்கொண்டு ஐயாவுக்கும் சிங்களத்தில் சொல்லட்டும், நான் நிதானமாகவே சொல்கிறேன். அரைகுறையாகச் சொல்கிற முறைப்பாடு எங்கேயும் எடுபடாது. அந்த ஆப் கம்பனிக்கு நான் எழுதியபோதும், முழு விபரமும் தந்தால்தான் கவனிக்க முடியும் என்றுதான் பதில் போட்டார்கள். நியாயமான பேச்சு. ஆகவே இங்கே முழு விபரமும் தருகிறேன்.

என் பெயர் ஸ்ரான்லி. அப்பாவும் அம்மாவும் இந்த றப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போன பிறகு, நான் பள்ளிக்கூடத்தை விடக்கூடாது என்பதற்காக அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். நான் முதன்முதலாகக் காலில் போட்ட சப்பாத்து அவள் அனுப்பியது. ஓர் அளவு பெரிதாக அனுப்பியிருந்தாள், நான் வளர்வேன் என்று. தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குக் கீழே ரோட்டோரம் இருக்கிற எங்கள் வீடும் அவள் காசில் கட்டியதுதான். அவளைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல வரவில்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

குவைத்தில் துணி அழுத்துகிற இயந்திரத்துக்குள் அவளுடைய வலது கை அகப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு அந்த விரல்கள் மடங்கவே இல்லை, அகப்பைக் காம்பு மாதிரி நீட்டிக்கொண்டே நின்றன. கையோடு சீனி வருத்தத்தையும் ஒரு பெரிய போனையும் கொண்டுதான் ஊர் திரும்பினாள். வந்த கொஞ்ச நாளிலேயே மாத்திரை போதாது, ஊசிதான் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அந்தக் கையால் அவளால் ஊசியைப் பிடிக்க முடியாது. இடது கையால் முயன்று பார்த்தாள், நடுங்கியது. அதனால் காலையும் மாலையும் நான்தான் போட்டேன். நான் கையைக் கழுவிவிட்டு வந்தால், "வாங்க டாக்டர், நோயாளி ரெடி" என்று சிரிப்பாள். ஒரு நாள்கூட விட்டுவிடக்கூடாது, விட்டால் ஆளே இருக்க மாட்டார் என்று கிளினிக் டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அக்கா அப்போது வெளியே வாங்கில் உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவளோடு கதைத்துக்கொண்டிருந்தாள்.

காலை ஊசிக்கும் மாலை ஊசிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் போய்வரலாமோ அவ்வளவுதான் என் உலகம். கேகாலைக்குப் போய்வரலாம். கண்டிக்குப் போனால் சாப்பிடாமல் ஓடிவர வேண்டும். கொழும்பில் எனக்கு வந்த இரண்டு வேலைகளை நான் நேர்முகத்துக்கே போகாமல் விட்டேன்.

கேகாலையில் டிலானி என்று ஒருத்தி இருந்தாள், பாலர் பாடசாலையில் படிப்பிப்பவள். எங்களுக்குக் கல்யாணம் பேசி, கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கிற அளவுக்கு வந்தது. நான் அங்கே மாறிப் போவதாகத்தான் ஏற்பாடு. அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று டிலானியே சொன்னாள். அக்கா கேட்கவில்லை.

"இந்தக் கைய குடுத்து கட்டுன வீடு தம்பி இது. இத பூட்டிப் போட்டுட்டு வாடக வீட்டுல போயி கெடக்கச் சொல்றியா? நீ போறதுன்னா போ. ஊசிக்கு நான் ஆண்டவரக் கூப்புட்டுக்கிறேன்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. டிலானி காத்திருந்தாள். பிறகு அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் என்று தபாலில் கார்ட் வந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. கார்டில் மாப்பிள்ளையின் அப்பா பெயர் இரண்டு இடத்தில் வெவ்வேறு மாதிரி அச்சாகியிருந்தது, அச்சகத்துக்குத் திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்று நினைத்தேன். அதற்குள் மாலை ஊசிக்கு நேரமாகிவிட்டது. போய்ப் போட்டேன்.

இப்போது ஆப் விஷயத்துக்கு வருகிறேன்.

முக்தார் இஸ்லாமியர், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். கிறிஸ்தவர்களான எங்கள் கோயிலில் புதுவருஷ ஆராதனையின்போது ஒரு தட்டில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வேத வசனம் இருக்கும். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். அதுதான் வாக்குத்தத்தம். அந்த வருஷம் முழுவதும் ஆண்டவர் அவரவருக்கென்று கொடுத்த சொல் அது. அதைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதை வைத்துத்தான் மகளைக் கட்டிக்கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர்களும் எங்கள் லயத்தில் இருக்கிறார்கள்.

அக்காவின் போனில் இருந்த ஆப் அந்த அட்டையை நாள்தோறும் கொடுத்தது. திரையில் ஒரு தட்டு, தட்டில் அட்டைகள். ஒன்றைத் தொட்டால் அது திரும்பும், ஒரு பெண் குரல் வசனத்தை வாசிக்கும். அக்காவுக்குக் கண் பார்வையும் மங்கியிருந்ததால் அந்தக் குரல் பெரிய உதவி. காலையில் எழுந்ததும் முதலில் வாக்குத்தத்தம், பிறகு ஊசி, பிறகுதான் பிளேன்டீ. எங்கள் வீட்டின் ஒழுங்கு அது.

தொந்தரவு என்னவென்றால், அட்டை திரும்புவதற்கு முன்னால் விளம்பரம் ஓடியது. மூடுவதற்கு மூலையில் ஓர் எறும்பளவு பெருக்கல் குறி வரும். மடங்காத விரலால் அதைத் தொடுவது எப்படி? அவள் தொட்டால் விளம்பரம்தான் திறந்துகொள்ளும். அது எங்கெங்கோ கூட்டிக்கொண்டு போகும். "தம்பி, மறுபடியும் யாரோ எனக்கு காணி விக்க வந்துட்டாங்க, ஓடியா" என்று கூப்பிடுவாள். முகம் கழுவிக்கொண்டிருப்பேன், சவர்க்காரத்தோடு ஓடிவந்து மூடுவேன். பிஸ்கட், கடன், முடி கொட்டாத எண்ணெய், எல்லாவற்றையும் நான்தான் மூடினேன். என் காலை நேரத்தில் எனக்கென்று மிச்சமிருந்தது அந்த முகம் கழுவுகிற நேரம்தான், அதுவும் போயிற்று.

ருவான்வெல்லையில் போன் கடை வைத்திருக்கிற றம்ஸீன் நானாவிடம் சொன்னேன். காசு கட்டி பிரீமியம் எடுத்தால் விளம்பரம் வராது என்றார். என்னிடம் வங்கிக் கார்ட் இல்லாததால் தன் கார்ட்டிலேயே கட்டிக் கொடுத்தார். திரையில் பொன்னிறக் கிரீடம் ஒன்று வந்தது. அதன் கீழே, இனி விளம்பரங்களின் இடையூறு இல்லை என்று எழுதியிருந்தது. அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "ராஜாத்தி மாதிரி கிரீடம் வச்சிட்டானுகளா?" என்று கேட்டாள். அன்றிரவு அவள் சந்தோஷமாகத் தூங்கினாள். நானும்தான்.

சில நாட்கள் வரவில்லை. பிறகு வந்தது. பழைய மாதிரியே, அதே எறும்புக் குறியோடு.

நான் கம்பனிக்கு ஆங்கிலத்தில் எழுதினேன். பிரீமியத்தில் வருவது விளம்பரம் அல்ல, பங்காளர்களின் செய்தி என்று பதில் வந்தது. திரும்ப எழுதினேன். உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று பதில் வந்தது. இன்னொரு தடவை எழுதினேன். அதே வசனங்கள், கீழே பெயர் மட்டும் வேறு. ஒவ்வொரு விளம்பரமும் முடியும்போது, இந்த விளம்பரம் உங்களுக்குப் பயனுள்ளதாக இருந்ததா என்று ஒரு கேள்வி வரும். ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். நான் ஒவ்வொரு தடவையும் இல்லை என்பதைத் தொட்டேன். அது நன்றி சொல்லிவிட்டு மறுநாள் அதையே காட்டியது. பாண் கடைக்காரனாவது முகத்தைச் சுளிப்பான். இங்கே சுளிப்பதற்கு ஒரு முகம்கூட இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு ஆத்திரப்பட்டது அந்த நாட்களில்தான். டிலானிக்காக நான் அவ்வளவு ஆத்திரப்படவில்லை என்பது இப்போது சொல்லும்போதுதான் தெரிகிறது.

அந்த நேரத்தில்தான் பொடி விளம்பரம் வந்தது. சீனி வருத்தத்துக்கு மூலிகைப் பொடி. ஊசிகளுக்கு விடை கொடுங்கள் என்று ஒரு பெண் சொல்வாள். வசனம் வாசிக்கிற பெண்ணின் குரல் போலவே மெதுவான, இரக்கமான குரல். அன்று அதற்குப் பிறகு திரும்பிய அட்டையிலும் நோய் நீங்குவது பற்றிய வசனம்தான் இருந்தது. நான் ஊசியைத் தயாராக்கிக்கொண்டு வந்தபோது அக்கா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கன்னத்தில் கண்ணீர்.

"தம்பி, ஆண்டவர் பேசிட்டார்."

"அது வெளம்பரம் அக்கா. காசு குடுத்தா எவனும் போடலாம்."

"காசு குடுத்தது நாமதானே? வெளம்பரம் வரக்கூடாதுன்னுதானே நீ கட்டுன?"

"ஆமா."

"அப்ப வாறது எப்பிடி வெளம்பரமா இருக்கும்?"

இதைத்தான் நானும் கம்பனியிடம் கேட்டிருந்தேன். அவர்கள் தந்த பதிலை நான் எழுத்தில் வைத்திருக்கிறேன். ஐயா சிரிக்கிறார். சிரிக்க வேண்டாம், அக்கா முட்டாள் இல்லை. காசு வாங்கியவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவான் என்று நம்பினாள். நானும் அதைத்தானே இவ்வளவு காலமும் கடை கடையாகக் கேட்டுக்கொண்டு திரிந்தேன்.

அன்று அவள் ஊசி போட்டுக்கொண்டாள். ஆனால் யோசனையோடு போட்டுக்கொண்டாள். கந்தோர் முடிந்ததும் நான் நேரே றம்ஸீன் நானாவிடம் போனேன். இந்தப் பொடி விளம்பரத்தை மட்டும் எப்படி நிறுத்துவது என்று கேட்டேன். அதற்குத்தான் போனேன், அவரைக் கூப்பிட்டு விசாரிக்கலாம்.

அவர் போனைக் கையில் வாங்கிக் காட்டினார். "நீங்க எதத் தொடுறீங்களோ அதத்தான் இது திரும்பத் திரும்பக் காட்டும் கிளாக்கர். தொறந்து பாத்துக்கிட்டு இருந்தா இன்னும் கூடும். இந்தா, மேல மூணு புள்ளி இருக்கே, அத அமத்தி வேணாம்னு குடுங்க. கொஞ்சம் கொஞ்சமா நின்டு போகும்."

அவ்வளவு இலகுவான விஷயம். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் அக்கா குளிக்கப் போனபோது போனை எடுத்தேன். பொடி விளம்பரம் வந்தது. மூன்று புள்ளிகளும் தெரிந்தன. தவறுதலாக விரல் பட்டுவிட்டது என்று எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்ல நினைத்தேன். இல்லை. அதை வெட்டிவிடுங்கள். நான் விளம்பரத்தைத் தொட்டேன். திறந்தது. அந்தப் பொடியைச் சாப்பிட்டுச் சுகமானவர்கள் பேசுகிற வீடியோவைக் கடைசிவரை ஓடவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவள் குளிக்கிற நேரத்தில் அதைச் செய்தேன். பயனுள்ளதா என்று கேட்டபோது மட்டும் பதில் கொடுக்கவில்லை.

ஏன் என்று முக்தார் கேட்கிறார். ஐயா கேட்கச் சொல்லியிருப்பார். என்னால் சொல்லக்கூடியது இதுதான். அக்கா எனக்காகக் கொடுத்தாள், நான் அவளுக்காகக் கொடுத்தேன். எவ்வளவு கொடுத்தாலும், இனி இடையூறு இல்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவளை நான் வெறுக்கவில்லை. மனதுக்குள் அந்தப் பக்கம் தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்த்தால் எப்படியோ அப்படித்தான் இருந்தது.

விளம்பரம் கூடியது. சில வாரங்களில் வேறு ஒன்றுமே வரவில்லை. காணி இல்லை, பிஸ்கட் இல்லை. அட்டையைத் தொட்டால் அந்தப் பெண், அவளுக்குப் பிறகு வசனம். சாலமோன் ராஜாவுக்குக்கூட ஆண்டவர் இத்தனை தடவை சொல்லியிருக்க மாட்டார் என்றாள் அக்கா. பொடியை வரவழைக்கச் சொன்னாள். வரவழைத்தேன். அவள் சொன்னதைச் செய்தேன் என்பதைக் கவனிக்க வேண்டும். டப்பாவின் அடியில், வைத்தியர் தந்த மருந்தை நிறுத்தக்கூடாது என்று பொடி எழுத்தில் இருந்தது. நான் வாசித்தேன். அவளுக்குக் கண் தெரியாது, அவள் என்னை வாசிக்கச் சொல்லவும் இல்லை.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். லயத்துப் பெண்கள் வருவார்கள், பாஸ்டரும் வருவார். அன்று அக்கா எழுந்து நின்று சாட்சி சொன்னாள். ஆண்டவர் நாள்தோறும் தன்னோடு பேசுகிறார் என்றும், நாளையிலிருந்து ஊசி போடப் போவதில்லை என்றும் சொன்னாள். பெண்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள். பாஸ்டர் மட்டும் பதறிப் போனார்.

"அப்பிடிச் செய்யாதீங்க மெட்டில்டாக்கா. ஜெபமும் இருக்கட்டும், ஊசியும் இருக்கட்டும். மருந்தும் ஆண்டவர் குடுத்ததுதான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஸ்ரான்லி, நீங்க சொல்லுங்க."

"ஊசிய நிப்பாட்ட வேணாம் அக்கா" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். அதற்குச் சாட்சிகள் இருக்கிறார்கள். அந்த அறையில் இருந்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மறுநாள் காலையில் நான் ஊசியோடு போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். கையைப் பிடித்து இழுத்தா போட முடியும்? குளிர்சாதனப் பெட்டியில் திரும்ப வைத்தேன். மாலையிலும் கொண்டுபோனேன். அதற்கடுத்த நாள் கொண்டுபோகவில்லை. அன்று கந்தோர் விட்டதும் கேகாலைக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை. பஸ் நிலையத்தில் வாங்கில் உட்கார்ந்து, மாலை ஊசி நேரம் வந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் ஐஸ்பழம் வாங்கினார்கள், பஸ்கள் போயின. அவ்வளவுதானா என்றிருந்தது.

அக்கா முதலில் தண்ணீர் தண்ணீர் என்றாள். பிறகு சாப்பாடு இறங்கவில்லை, வாந்தி எடுத்தாள். பொடி உள்ளே இருக்கிற அழுக்கை வெளியே தள்ளுகிறது என்று வீடியோவில் ஒருவர் சொல்லியிருந்தார், அவள் அதை எனக்குச் சொன்னாள். நான் மறுக்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து பார்க்க வந்தவர்களிடம், வயிற்றுக் கோளாறு, நாளைக்குக் காட்டப் போகிறோம் என்றேன். அது நான் சொன்ன பொய். எனக்குத் தெரிந்து ஒரே ஒரு பொய்.

கடைசி நாள் மத்தியானம் மழை. நான் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். அக்கா பாயோடு ஒட்டிப் படுத்திருந்தாள். மூச்சு ஆழமாகப் போய்வந்தது, பழுத்த பழம் மாதிரி ஒரு வாடை. கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள்.

"தம்பி. ஊசி இருக்கா?"

"இருக்கு அக்கா."

"போட்டுடுறியா. எனக்கு பயமா இருக்கு."

இருக்கிறதை இல்லை என்று சொல்லவில்லை, கவனியுங்கள். எழுந்து போனேன், மருந்தை எடுத்தேன், கையைக் கழுவினேன், ஊசியில் ஏற்றினேன். எல்லாம் முறைப்படி. அம்புலன்சுக்கு ஒரு அழைப்பு எடுத்தால் வந்திருக்கும், ரோட்டோர வீடு. போனும் என் கையில்தான் இருந்தது. பாயருகே உட்கார்ந்தேன். அவள் இடது கையால் சட்டையை விலக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"இன்னிக்கு இன்னும் வாக்குத்தத்தம் எடுக்கலியே அக்கா" என்றேன். "எடுத்துட்டு போடுவமா?"

எப்போதும் உள்ள ஒழுங்குதான் அது. முதலில் வாக்குத்தத்தம், பிறகு ஊசி. அவள் தலையை ஆட்டினாள். ஆப்பைத் திறந்து போனை அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். அவளுடைய மடங்காத விரலைப் பிடித்து ஓர் அட்டையின் மேல் வைத்தேன். என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அத்தனை நாளும் நான்தானே அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அந்தப் பெண் வந்தாள். ஊசிகளுக்கு விடை கொடுங்கள் என்றாள். மூலையில் எறும்புக் குறி வந்தது, என் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே. அக்காவின் விரலால்தான் அதைத் தொட முடியாது, என் விரலுக்கு ஒரு குறையும் இல்லை. நான் தொடவில்லை. முழுவதும் ஓடி முடிந்தது. மழைச் சத்தத்திலும் அக்காவுக்கு அது நன்றாகக் கேட்டது, நான் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தேன்.

அவள் கண்ணை மூடினாள். "பாத்தியா. நான்தான் கடைசி நேரத்துல சந்தேகப்பட்டுட்டேன்" என்றாள். "ஊசி வேணாம், வச்சிடு தம்பி."

நான் வைத்துவிட்டேன். மருந்துப் போத்தலைத் திரும்பவும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தேன், வெளியே இருந்தால் பழுதாகிவிடும். வந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருட்டுவதற்கு முன் அந்த மூச்சு நின்றது. கை சூடாகவே இருந்தது. அவள் என்னை வளர்த்தவள் என்பதும், அந்தப் பெரிய சப்பாத்தும் எல்லாம் ஞாபகம் வந்தன. ஞாபகம் மட்டும் வந்தது.

ஐயா "இத்திங்?" என்கிறார். பிறகு என்ன என்று. பிறகு ஒன்றும் இல்லை. சீனி வருத்தத்தால் மரணம் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பாஸ்டர் என்னைக் கட்டிப்பிடித்து, நீங்க சொன்னீங்க, அவங்க கேக்கல என்று அழுதார். நானாகத்தான் இங்கே வந்திருக்கிறேன். காசு வாங்கிக்கொண்டு ஏமாற்றியவர்களை இப்படியே விட்டுவிடக்கூடாது, நாளைக்கு இன்னொரு வீட்டிலும் இது நடக்கலாம். போனை மேசையில் வைத்திருக்கிறேன். கம்பனி எழுதிய பதில்களும் அதில் இருக்கின்றன. பிரீமியத்துக்குக் கட்டிய காசைத் திருப்பித் தர வேண்டும் என்ற கோரிக்கையையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முக்தார் மேலே முறைப்பாடு என்று எழுதியிருந்ததை வெட்டிவிட்டு, வாக்குமூலம் என்று மாற்றுகிறார். அது பிழை, நான் முறைப்பாட்டுக்காரன். ஆனால் அவர் எழுதிக்கொண்டிருக்கிறார், இப்போது சொல்ல வேண்டாம். பிறகு திருத்திக்கொள்ளலாம்.

ஒரு விபரம் மிச்சம் இருக்கிறது. அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, பிரீமியத்தை நிறுத்துவதற்காக ஆப்பைத் திறந்தேன். அதே பெண், அதே பொடி. நான் அவசரப்படாமல் கடைசிவரை பார்த்தேன், வேறு எங்கும் போக வேண்டிய நேரம் எனக்கு இருக்கவில்லை. முடிந்ததும் அது வழக்கம்போலக் கேட்டது, இந்த விளம்பரம் உங்களுக்குப் பயனுள்ளதாக இருந்ததா என்று. அதுவரைக்கும் ஒரு தடவைகூட நான் அதற்கு ஆம் என்று பதில் கொடுத்ததில்லை. அன்று கொடுத்தேன். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்வதுதானே முறை.